அ அனுப்பினால் ஆல்பா வரும்: ஒன்றுமே தெரியாத பிரிண்ட் சர்வரின் கதை

2000களின் பிற்பாதியில் கொத்மலை சமூக வானொலியிடம் ஒரு த்ரீவீலர் இருந்தது. பெயர் ஈ-டுக்டுக். உள்ளே ஒரு லெப்டொப், ஒரு கெமரா, ஒரு ஸ்கேனர், ஒரு டெலிபோன், சிடிஎம்ஏ வழியாக இன்டர்நெட். கூடவே பேட்டரியில் ஓடுகிற ஒரு பிரிண்டர். வானொலி நிலையத்துக்கு வர முடியாத ஊர்களுக்கு நிலையமே ஆட்டோவில் ஏறிப் போனது.

இந்தப் பட்டியலில் எங்களுக்குப் பிடிச்சது பிரிண்டர்தான். கெமரா, ஸ்பீக்கர் எல்லாம் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் மலைச்சரிவில் இருக்கிற ஒரு வீட்டுக்குத் தேவைப்படுவது அநேகமா ஒரு கடதாசி. விண்ணப்பப் படிவம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, பிள்ளையின் மாதிரி வினாத்தாள். பூண்டுலோயா டவுனுக்குப் பஸ் ஏறி, கொமியுனிகேஷன் கடையில் வரிசையில் நின்று ஒரு பக்கம் அடிச்சு எடுத்தவர்களுக்கு, அந்த ஒரு பக்கத்தின் உண்மையான விலை கடைக்காரர் கேட்கிற காசு மட்டும் இல்லை என்று தெரியும். அரை நாள் பேரும் சேர்த்துக் கணக்குப் பார்க்கணும்.

கொத்மலை வானொலி மகாவலித் திட்டத்தோடு சேர்ந்து 1989இல் தொடங்கியது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே இன்டர்நெட் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி அதை வானொலியில் சொல்லுவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களுக்கும் இணைப்பு போனது. ஒரே ஒரு இணைப்பை ஒரு பிரதேசமே பங்கு போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. உலகம் முழுக்க அதைப் புகழ்ந்து எழுதினார்கள். புகழட்டும். ஆனால் அந்த வானொலி பெரும்பாலும் பேசியது சிங்களத்தில். அதே மலைகளில் இருந்த தமிழ்த் தோட்டங்களுக்கு அதில் கிடைத்த பங்கு சின்னது.

ஆக, கேள்வி இரண்டு. விலை கூடின ஒரு மெஷினை நிறையப் பேர் எப்படிப் பங்கு போடுவது? அந்த மெஷினுக்கு நம்ம மொழி தெரியாவிட்டால் என்ன செய்வது? பழைய பிரிண்டர்களை மெலிந்த கொம்ப்யூட்டர்களோடு இணைக்கிற ஒரு குட்டி மென்பொருளின் வரலாற்றில் இந்த இரண்டுக்கும் பதில் இருக்கு.

அதுக்கு முன்னால் கடதாசி பற்றி ஒரு வார்த்தை. மலையகத்தில் கடதாசி சாதாரணப் பொருள் இல்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளி போக வேண்டுமென்றால் 'துண்டு' வேணும். கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. 1921இல்தான் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டதும் கடதாசிதான்: அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார், காட்டு. லயத்தில் பிறந்தவர்களிடம் அதைக் காட்ட எத்தனை பேரிடம் ஆவணம் இருந்திருக்கும்? 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், பிறகு 2003இன் சட்டம் வரை, நம்ம வரலாறே ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து இன்னொரு படிவத்துக்குத் தாவின வரலாறு.

கடதாசியை அச்சடிக்கிற கையும் யாரிடம் இருந்தது என்பது முக்கியம். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குத் தலைவராக வருவதற்கு ஒரு பெரிய காரணம், அவர் பத்திரிகைக்காரர். மீனாட்சி அம்மாளின் பாட்டுகள் தோட்டம் தோட்டமாய்ப் போனதில் அச்சடித்த சின்னப் பிரசுரங்களுக்குப் பங்கு உண்டு. அதற்குப் பிறகு வந்தது ரோனியோ. ஸ்டென்சிலில் எழுதி, மை பூசி, கைப்பிடியைச் சுற்றினால் தவணைப் பரீட்சை வினாத்தாளும் வரும், வேலைநிறுத்த நோட்டீஸும் வரும். ரோனியோவில் ஒரு நல்ல குணம்: அதுக்கு எந்த மொழியும் தெரியாது. ஸ்டென்சிலில் எங்கே ஓட்டை இருக்கோ அங்கே மை இறங்கும், அவ்வளவுதான். இந்தக் குணத்தை ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்க, பிறகு வேணும்.

கொம்ப்யூட்டர் பக்கம் வருவோம். பிரிண்டர் விலை கூட, ஆட்கள் நிறைய என்கிற பிரச்சினை மலையகத்துக்கு மட்டும் உரியது இல்லை. கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் கம்பனியின் ஆராய்ச்சி நிலையத்தில் கேரி ஸ்டார்க்வெதர் 1970களின் தொடக்கத்தில் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். அங்கே எல்லார் மேசையிலும் ஒரு கொம்ப்யூட்டர் வைக்கத் திட்டம் இருந்தது, எல்லார் மேசையிலும் ஒரு லேசர் பிரிண்டர் வைக்கிற வசதி ஸெரொக்ஸுக்கே இல்லை. எல்லா மேசையையும் அந்த ஒரு பிரிண்டரோடு இணைக்க வேகமான ஒரு கம்பி தேவைப்பட்டது. ரொபர்ட் மெட்கால்ப் 1973 மே மாதம் ஈதர்நெட் பற்றி எழுதிய குறிப்புக்குப் பின்னால் இந்தத் தேவையும் இருந்தது. இன்றைக்கு நாம் ரவுட்டரில் செருகுகிற வயரின் முப்பாட்டனுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, பிரிண்டரைப் பங்கு போடுவது.

பங்கு போட்டதும் புதுசா ஒரு தலைவலி வந்தது. பிரிண்டர் ஒரு மாடியில், நீங்க இன்னொரு மாடியில். கடதாசி சிக்கிக்கொண்டால் உங்களுக்குத் தெரியாது. எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பழைய பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி, சிக்கினால் காத்திருக்கிற எல்லாருக்கும் தகவல் போகிற மாதிரி செய்து வைத்திருந்தார். 1980 வாக்கில் ஸெரொக்ஸ் ஒரு புது லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதன் மூலநிரல் வரவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரே போய்க் கேட்டார், கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார் அவர். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அவரே திரும்பத் திரும்பச் சொல்வது இந்தப் பிரிண்டர் கதையைத்தான். அன்பளிப்பாக வந்த மெஷின், திருத்த அனுமதி இல்லை. நம்ம பாடசாலைகளின் கொம்ப்யூட்டர் அறைகளைத் தெரிந்தவர்களுக்கு இது ரொம்பத் தூரத்துக் கதையாகத் தோன்றாது.

அதே காலத்தில் பெர்க்லி யுனிக்ஸில் எல்பிடி என்ற நிரல் வேலையைப் பொறுப்பெடுத்தது. யாராவது அச்சடிக்கக் கொடுத்தால் அதை டிஸ்கில் வரிசைப்படுத்தி வைத்து, பிரிண்டர் ஓய்ந்ததும் ஒவ்வொன்றாக அனுப்பும். இந்த வரிசைக்குப் பெயர் ஸ்பூல். வலையமைப்பில் அது பேசுகிற முறையை 1990இல் ஆவணமாக்கினார்கள். 1991இல் எச்பி கம்பனி ஜெட்டைரெக்ட் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. இதைப் பிரிண்டருக்குள் செருகினால் பிரிண்டருக்கு நேரே வலையமைப்பு இணைப்பு கிடைக்கும். ஜெட்டைரெக்டின் மொழி மிக எளிமை: 9100 என்ற வாசலைத் தட்டுங்க, அடிக்க வேண்டியதை ஊற்றுங்க, கதவைச் சாத்துங்க. பெயர் கேட்காது, கடவுச்சொல் கேட்காது. அதனாலேயே எல்லாரும் அதைப் பின்பற்றினார்கள்.

இனி தின் கிளையன்ட். 1999இல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஜிம் மெக்குவிலன் லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், சுருக்கமாக எல்டிஎஸ்பி, என்பதைத் தொடங்கினார். யோசனை இதுதான்: அறையில் ஒரே ஒரு நல்ல கொம்ப்யூட்டர், அது சர்வர். மற்றதெல்லாம் தூக்கிப் போட இருந்த 486, பென்டியம் காலத்துப் பெட்டிகள். அவற்றின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிடலாம். சுவிட்சைப் போட்டதும் பெட்டி வயர் வழியாக சர்வரைக் கூப்பிட்டு 'நான் யார், எனக்கு என்ன வேலை' என்று கேட்கும். சர்வர் ஒரு குட்டி லினக்ஸை அனுப்பும். அதற்குப் பிறகு நிரல்கள் ஓடுவது சர்வரில், திரையும் விசைப்பலகையும் மட்டும் பெட்டியில். தென்னாபிரிக்காவில் ஷட்டில்வர்த் அறக்கட்டளை இந்த முறையில் பாடசாலைக் கொம்ப்யூட்டர் அறைகளை அமைத்தது. 2005 ஒக்டோபரில் வெளிவந்த எடுபுண்டுவும் இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

டிஸ்க் இல்லாத பெட்டியின் பின்னால் பழைய பிரிண்டர் போர்ட் சும்மா இருக்கிறது. அதில் ஒரு பிரிண்டரைச் செருகினால் யார் அதோடு பேசுவது? முழு எல்பிடியையும் அங்கே வைக்க முடியாது. ஸ்பூல் வைக்க டிஸ்க் இல்லை, நினைவகமும் கொஞ்சம். கென் யாப் என்பவர் எழுதிய பி910என்டி இந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தியது. பெயர் கடிக்கிற மாதிரி இருக்கும், பொருள் லேசானது: நடுவிலுள்ள 'என்' என்கிற எழுத்தின் இடத்தில் 0, 1, 2 என்று போடலாம், அதற்கேற்ப 9100, 9101, 9102 ஆகிய வாசல்களில் அது காத்திருக்கும். ஒரு பெட்டியில் மூன்று பிரிண்டர் வரை வைக்கலாம். வாசலில் வருகிற பைட்டுகளை எடுத்து அப்படியே பிரிண்டர் போர்ட்டில் ஊற்றும். வரிசை வைக்காது, மொழிபெயர்க்காது, வந்தது என்ன என்று பார்க்கவே பார்க்காது. வரிசை வைப்பது, பக்கத்தை வரைவது எல்லாம் சர்வரின் வேலை. எல்டிஎஸ்பியின் பழைய பதிப்புகள் இதே 9100 வழக்கத்தை வைத்து இதே வேலையைச் செய்தன. பெட்டிக்கான அமைப்புக் கோப்பில் பிரிண்டர் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

இந்த ஒன்றும் தெரியாத்தனம்தான் தமிழுக்கு லாபம் என்பது எங்கள் கட்சி.

ஏன் என்று பார்ப்போம். எப்சன் எல்எக்ஸ்-300 மாதிரி ஒரு டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை எடுங்க. அதன் தலையில் 9 ஊசி. ஆங்கில எழுத்துகளின் வடிவம் பிரிண்டருக்குள்ளேயே பதிஞ்சிருக்கு. 'ஏ' என்று ஒரு பைட் அனுப்பினால், பிரிண்டரே ஊசிகளை முறையாகக் குத்தி எழுத்தை வரையும். தமிழ் எழுத்து உள்ளே இல்லை. இன்றைய யுனிகோட் கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'அ' என்று எழுதி, பிரிண்டரை அந்தக் காலத்து 437ஆம் எழுத்து அட்டவணையில் வைத்து அப்படியே அனுப்பினால் வருவது மூன்று உருவம்: ஒரு கிரேக்க ஆல்பா, ஒரு இரட்டைக் கோண மேற்கோள்குறி, தலையில் கோடு போட்ட ஒரு சின்ன ஏ. 'அம்மா' என்பது யுனிகோடில் 5 குறி, ஆகவே 15 விசித்திர உருவங்கள், ஐந்து ஆல்பாக்கள். தமிழ் முழுக்க ஆல்பாவாக வரும். கொம்ப்யூட்டரில் தமிழ் எழுதத் தொடங்கின தலைமுறைக்கு இந்த மாதிரிக் குப்பைப் பக்கங்கள் நல்லாவே பழக்கம்.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, பிரிண்டரிடம் எழுத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது. எப்சனுக்குப் 'படம்' என்ற ஒரு முறையும் தெரியும்: 8 புள்ளி உயரமுள்ள ஒரு நிரலுக்கு ஒரு பைட், எந்தப் புள்ளியில் குத்தணும், எதில் குத்தக் கூடாது. எழுத்தைக் கொம்ப்யூட்டரே வரைந்து, புள்ளிகளாக்கி அனுப்பினால் பிரிண்டருக்கு அது தமிழா, தேயிலைப் பூவா என்ற கவலை இல்லை. ரோனியோ ஸ்டென்சிலின் அதே குணம். 1980களில் வெளிநாடுகளில் தமிழர்கள் எழுதின ஆரம்பகாலத் தமிழ் மென்பொருள்கள் தமிழைக் கடதாசிக்குக் கொண்டுவர இந்தப் பக்கம்தான் போக வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு விலை இருந்தது. ஒரு பக்க ஆங்கிலக் கடிதம் சுமார் 2,000 எழுத்து, அதாவது 2,000 பைட். அதே பக்கத்தைத் தமிழில் படமாக, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏ4 அளவில் அனுப்பினால் 2,480 பெருக்கல் 3,508 புள்ளிகள். சுருக்காமல் பார்த்தால் பத்து லட்சம் பைட்டுக்கு மேல். வினாடிக்கு 9,600 பிட் போகிற பழைய சீரியல் வயரில் ஆங்கிலக் கடிதம் இரண்டு வினாடியில் போய்விடும், தமிழ்ப் பக்கத்துக்கு 19 நிமிடம்! எழுத்து ஒன்றும் பாரமில்லை. பிரிண்டர் செய்தவர் நம்ம எழுத்தை உள்ளே வைக்கவில்லை என்பதுதான் அந்தப் பாரம். ஈதர்நெட் வந்தபோது இந்த 19 நிமிடம் ஒன்றிரண்டு வினாடியாகக் குறைந்தது.

இப்போ தின் கிளையன்ட் அறையைத் திரும்பப் பாருங்க. 'கொ' என்று எழுதினால் கொம்பை முன்னால் வைத்து, காலைப் பின்னால் வைக்கணும். இந்த அறிவு சர்வரில் ஒரே இடத்தில் இருந்தால் போதும். சர்வரில் எழுத்துருவும் வரைகிற நிரலும் சரியாக இருந்தால், அறையிலுள்ள எல்லாப் பெட்டியிலும் தமிழ் சரி. வரைந்த புள்ளிகள் பி910என்டி வழியாகப் போகும்போது அதைக் கெடுக்க நடுவில் புத்திசாலி யாரும் இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிரிண்டருக்கு முன்னால் தமிழ் எப்போதும் விருந்தாளி. எதுவுமே தெரியாத பிரிண்டருக்கு முன்னால் தமிழும் ஆங்கிலமும் சமம்.

மலையில் இருக்கிற ஒரு பாடசாலையை வைத்து யோசித்தால் இன்னும் விளங்கும். அலுவலகம் மேல் தட்டில், கொம்ப்யூட்டர் அறை படி இறங்கிக் கீழ்த் தட்டில். பிரிண்டர் அலுவலகத்தில்தான் இருக்கும். அங்கே ஒரு பழைய தின் கிளையன்ட்டை வைத்து, பிரிண்டரை அதில் செருகி, வயரைக் கீழே இழுத்தால் போதும். ஈதர்நெட் வயர் 100 மீட்டர் வரை தாங்கும், நம்ம பாடசாலைகளின் படிக்கட்டுக்கு அது தாராளம். மழைக்காலத்தில் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டு ஓட வேண்டியதில்லை. பெட்டியில் டிஸ்க் இல்லாததால் கரண்ட் போய்ப் போய் வந்தாலும் கெட்டுப்போக அங்கே பெரிதாக ஒன்றுமில்லை.

கதவில் பூட்டு இல்லை என்பதை மறைக்கக் கூடாது. 9100 வாசலை யார் தட்டினாலும் திறக்கும். 2016 மார்ச்சில் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களின் பிரிண்டர்கள் இப்படித் திறந்து கிடந்ததால், யாரோ தூரத்திலிருந்து இனவெறித் துண்டுப்பிரசுரங்களை அவற்றில் அடித்துத் தள்ளினார்கள். வேலை பாடசாலையின் உள் வலையமைப்போடு நிற்கணும், இன்டர்நெட்டுக்கு அந்த வாசல் தெரியவே கூடாது.

இன்னொரு பொறி பிரிண்டரிலேயே இருக்கு. 2000களில் கம்பனிகள் விலையைக் குறைக்கப் பிரிண்டரின் மூளையைக் கழற்றி, அந்த வேலையை விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டின. எச்பி லேசர்ஜெட் 1020 நம்ம கடைகளில் அதிகம் காணக்கிடைக்கிற ஒன்று. அதற்கு ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அதன் உள் மென்பொருளையே வெளியிலிருந்து ஊற்றணும், இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. தின் கிளையன்ட்டில் வைத்தால், பிரிண்டர் விழித்ததும் அந்தக் கோப்பை முதலில் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதணும். முடியும். கெனன் எல்பிபி2900 இன்னும் பிடிவாதம். அது தன் சொந்த மொழியில் கொம்ப்யூட்டரோடு இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கணும் என்று எதிர்பார்க்கும். சும்மா ஊற்றுகிற பி910என்டிக்கும் அதற்கும் ஒத்துவராது. 'ஒன்றும் தெரியாத பிரிண்டர் நல்லது' என்று மேலே சொன்னோமே, இதுவும் ஒன்றும் தெரியாததுதானே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கு. எப்சனின் கட்டளைகள் புத்தகமாக வெளியே கிடைக்கும், யாரும் படிக்கலாம். இந்தப் பிரிண்டர்களின் மொழியைக் கம்பனி வெளியே சொல்லவில்லை. அவற்றை லினக்ஸில் ஓட வைத்த நிரல்களில் சில, ஆட்கள் பைட் பைட்டாக உளவு பார்த்து எழுதினவை. ஸ்டால்மனுக்கு 1980இல் நடந்தது இங்கே ஒவ்வொரு கொமியுனிகேஷன் கடையிலும் நடக்குது.

இப்போது திரும்ப ஒரு திருப்பம். மைக்ரோசொப்ட் 2023 செப்டம்பரில், வெளிக் கம்பனிகளின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. லினக்ஸ் பக்கம், 1999இல் மைக்கேல் ஸ்வீட் வெளியிட்ட கப்ஸ் என்ற அச்சுத் தொகுதியும் பழைய வகை டிரைவர்களைக் கைவிடும் பாதையில்தான் போகுது. புதுப் பிரிண்டர் எல்லாம் ஒரே பொது மொழியில் பேசும், டிரைவரே தேவையில்லை என்பது அவர்கள் கணக்கு. புதுப் பிரிண்டர் வாங்குகிறவர்களுக்கு நல்ல கணக்குதான். எல்எக்ஸ்-300க்கும் பழைய லேசருக்கும் இனி நடுவில் மொழிபெயர்ப்பாளராக ஒரு பெட்டி உட்காரணும், பொது மொழியை வாங்கிப் பழைய மொழியில் சொல்ல. பழைய பிரிண்டர் ஊசி தேய்ந்து சாவதை விட, பேச ஆளில்லாமல் சாவதுதான் இனி அதிகமாக இருக்கும்.

எல்டிஎஸ்பியை 2019இல் கிரேக்கத்தைச் சேர்ந்த அல்கிஸ் ஜோர்ஜொபொலோஸ் புதிதாகத் திருப்பி எழுதினார். பி910என்டியும் போய்விடவில்லை. ரவுட்டர்களில் ஓடுகிற ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற குட்டி லினக்ஸில் அது ஒரு பொதியாக இருக்கிறது. யுஎஸ்பி துளையுள்ள பழைய ரவுட்டர் ஒன்று அந்த லினக்ஸை ஏற்றுக்கொண்டால், அதுவே பிரிண்ட் சர்வர். பழைய பிரிண்டர் ஒன்றை யாராவது சும்மா தருகிறேன் என்றால், வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்க: அதன் கையேட்டில் ஈஎஸ்சி/பி, பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மூன்றில் ஒரு பெயர் இருக்கிறதா என்று. இருந்தால் தூக்கிக்கொண்டு வாங்க. விண்டோஸுக்கு மட்டும் என்று போட்டிருந்தால், பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த மொடலின் பெயரைத் தேடி, அதை லினக்ஸில் யாராவது ஓட வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்க.